மதுரைச் சமவெளியின் பருவக் காட்டுப்பூக்கள்

மதுரை நகரின் மேற்கில் உள்ள காளவாசலைக் கடந்து தேனி சாலையில் சென்றால் விராட்டிபத்து, அச்சம்பத்து ஆகிய ஊர்களுக்குப் பின் நாகமலைத் தொடர் வலப்புறம் நீண்டு தெரியும். சாலையின் தெற்கே கீழக்குயில்குடியில் சமணர் மலை நிற்கிறது. இவ்விரு மலைகளின் அடிவாரப் புல்தரைகளிலும் முட்புதர்க்காடுகளிலும் பாறைச் சரிவுகளிலும், இடையில் உள்ள கண்மாய்க் கரைகளிலும், மழையை ஒட்டிச் சில வாரங்கள் மட்டும் பூத்து மறையும் செடிகொடிகள் பல உள்ளன. மதுரையைச் சுற்றியுள்ள யானைமலை, அழகர் மலை, மேலூர் வட்டத்து அரிட்டாபட்டிக் குன்றுகள் ஆகியவற்றிலும் ஏறக்குறைய இதே கூட்டம்தான்.

மதுரை என்றால் மல்லிகை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூவுக்குத் தோட்டமும் சந்தையும் அன்றாட விலையும் உண்டு. காட்டுப்பூக்களுக்கு இவை எதுவும் கிடையாது. இவற்றில் பெரும்பாலானவை விரல் நகத்தை விடச் சிறியவை. தேடிப் போகிறவர் கண்ணுக்கு மட்டுமே படுபவை, அதுவும் சரியான மாதத்தில், சரியான நேரத்தில் போனால்.

காளவாசல் என்ற சொல் செங்கல்லும் சுண்ணாம்பும் சுடும் சூளையைக் குறிப்பது. இன்று அங்கே சூளைப் புகைக்குப் பதில் வாகனப் புகை.

வசந்தம் எப்போது?

குளிர்நாடுகளின் புல்வெளிகளில் பனி உருகியதும் ஏப்ரல், மே மாதங்களில் தரைப்பூக்கள் எழும். அந்நாட்டு நூல்களைப் படித்துவிட்டு மதுரைச் சமவெளியில் ஏப்ரல் மாதம் பூத்தேடப் புறப்படுபவருக்குக் காய்ந்த புல்லும் சுடும் பாறையும்தான் கிடைக்கும். இங்கே செடியைத் தடுப்பது குளிரன்று, வறட்சி. எனவே தரைப்பூக்களின் பருவத்தை வெப்பம் முடிவு செய்வதில்லை; மழை முடிவு செய்கிறது.

மதுரையின் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். ஆவணி, புரட்டாசியில் மாலை நேர இடிமழை சில பெய்யும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்து சேரும். ஆண்டிலேயே மிகுதியாக மழை பெய்யும் மாதம் அக்டோபர். அந்த மழையில் மண்ணில் கிடந்த விதைகள் முளைத்து, கார்த்திகை, மார்கழியில் பூத்து, தை முடிவதற்குள் விதையை உதிர்த்துவிட்டுக் காய்ந்துபோகின்றன. சில செடிகளுக்கு முளைப்பு முதல் விதை வரை மொத்த வாழ்வும் இரண்டு மூன்று மாதம்தான். மாசி, பங்குனியில் அதே இடத்தில் நடப்பவருக்கு அவை இருந்த தடயம் கூடத் தெரியாது.

பழந்தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்து, சித்திரை, வைகாசி மாதங்களை இளவேனில் என்றனர். அதுவும் பூக்காலமே. ஆனால் அது மரங்களின் பூக்காலம். ஆழமாக வேரோடிய வேம்பும் புங்கும் கொன்றையும் கோடையின் தொடக்கத்தில் பூக்கின்றன. வேர் ஆழமற்ற சிறுசெடிகள் அப்போது விதையாகவோ கிழங்காகவோ மண்ணுக்குள் இருக்கின்றன. ஆகவே மதுரைச் சமவெளிக்கு இரண்டு வசந்தங்கள் என்று சொல்லலாம். ஐப்பசி முதல் தை வரை தரையைப் பார்த்து நடக்க வேண்டும். பங்குனி முதல் வைகாசி வரை அண்ணாந்து பார்க்க வேண்டும்.

கண்மாய் முதல் பாறை வரை

சில கிலோமீட்டர் தொலைவுக்குள் நிலத்தின் தன்மை நான்கைந்து முறை மாறுவதுதான் இந்தப் பகுதியின் சிறப்பு. ஈரமான கண்மாய், அதன் மேட்டுக்கரை, மேய்ச்சல் தரை, முட்புதர், வெறும் பாறை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பூக்கள் உண்டு.

காளவாசலுக்குத் தெற்கே உள்ள மாடக்குளம் கண்மாய் போன்ற பெரிய நீர்நிலைகளில் தொடங்கினால், நீரோரத்துச் சேற்றில் தரையோடு படர்ந்த பொடுதலையும் வெள்ளைப் பூவுடைய கரிசலாங்கண்ணியும் எளிதில் கிடைக்கும். சற்று உயர்ந்து, கணுதோறும் முள்ளும் ஊதாப் பூவுமாக நிற்பது நீர்முள்ளி. கால்வாய் ஓரங்களில் நொச்சியின் இளநீலப் பூங்கொத்துகள். தை, மாசியில் கண்மாய் வற்றத் தொடங்கியதும், நீர் வடிந்த களிமண்ணிலும் அறுவடை முடிந்த வயலிலும் கொட்டைக்கரந்தை எழும். உருண்டையான, பொத்தான் அளவுள்ள செவ்வூதாப் பூந்தலைகள் இதன் அடையாளம். செடியைத் தொட்டாலே கையில் வாசனை ஒட்டிக்கொள்ளும். மற்றவை முடியும் நேரத்தில் தொடங்குவதால், தாமதமாக வருபவருக்கு ஆறுதல் அளிப்பது இந்தச் செடிதான்.

மேய்ச்சல் தரையில் நடை மெதுவாக வேண்டும். நின்றபடி பார்த்தால் வெறும் புல். குந்தி உட்கார்ந்தால்தான் பூக்கள் தென்படும். சட்டைப் பொத்தானை விடச் சிறிய, வானத்தின் நிறமுள்ள விஷ்ணுகிரந்திப் பூ காலையில் விரிந்து நண்பகலுக்குள் சுருங்கிவிடும். பிற்பகலில் போனவர்கள் அந்த இடத்தில் அப்படி ஒரு செடியே இல்லை என்று சத்தியம் செய்யக்கூடும். கானாம்வாழையின் நீலப் பூவும் காலைப் பூவே. இதற்கு நேர்மாறானது சிறுபசலை. அதன் மஞ்சள் பூ நல்ல வெயில் ஏறிய பிறகே திறக்கும். நெருஞ்சியின் மஞ்சள் பூ கதிரவனைப் பார்த்துத் திரும்புவதைச் சங்கப் புலவர்கள் கவனித்துப் பாடியுள்ளனர். அதன் முள்காய் செருப்பில் ஏறியபின் கவனிப்பதே இன்று வழக்கம்.

புல்லுக்கு நடுவே ஒரே இதழ் மட்டும் இளஞ்சிவப்பாக நீண்டு நிற்பது ஓரிதழ்தாமரை. உண்மையில் அதற்கு ஐந்து இதழ்கள் உள்ளன. மற்ற நான்கும் மிகச் சிறியவை என்பதால் ஒன்றே கண்ணுக்குத் தெரிகிறது. தரையை ஒட்டி ஆறு முனை மஞ்சள் விண்மீன் போலத் தெரிவது நிலப்பனை. இலை பனங்கன்றின் இலையைப் போல மடிப்பு மடிப்பாக இருக்கும். கொழுஞ்சி, கிலுகிலுப்பை இரண்டும் அவரைக் குடும்பத்தவை. முன்னது ஊதா, பின்னது மஞ்சள். கிலுகிலுப்பையின் முற்றிய காயை ஆட்டினால் பெயர்க்காரணம் விளங்கும். புல்லின் வேரில் தன் வேரைப் பதித்து உறிஞ்சி வாழும் சுடுமல்லியும் இங்கே உண்டு. சோளக்காட்டில் அது உழவரின் பகை. மேய்ச்சல் தரையில் சிறிய வெள்ளைப் பூவுடன் சாதுவாக நிற்கிறது.

தும்பையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மழை முடிந்த தரிசு முழுவதும் இதன் வெள்ளைப் பூ நிறைந்திருக்கும். பூவைப் பிடுங்கி அடிப்பக்கம் உறிஞ்சினால் துளித் தேன் கிடைக்கும் என்பது கிராமத்துப் பிள்ளைகள் அறிந்தது. பழந்தமிழ் இலக்கணத்தில் நேருக்கு நேர் நின்று பொரும் போருக்குத் தும்பைத் திணை என்று பெயர். கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரைகளை மீட்பது கரந்தை, மதிலைக் காப்பது நொச்சி, மதிலை முற்றுவது உழிஞை, வெற்றி பெறுவது வாகை. உழிஞை என்பது முடக்கத்தான் கொடியே என்று கொள்வோர் பலர். அவ்வாறு கொண்டால் இந்த ஐந்தையும் காளவாசலிலிருந்து ஒரு சைக்கிள் பயணத் தொலைவுக்குள் பார்த்துவிடலாம், வாகைக்கு மட்டும் கோடை வரை காத்திருக்க வேண்டும். போர்த்துறைகளுக்கெல்லாம் பெயர் தந்தவை அரண்மனைத் தோட்டத்துப் பூக்களல்ல, வழியோரச் செடிகள்.

புதர்க்காட்டில் கண்ணைக் கவர்வது விடத்தலை. விடத்தேர், விடத்தேரை என்றும் வழங்கும் இந்த முட்செடியின் பூங்கதிர் மேல்பாதி இளஞ்சிவப்பும் கீழ்ப்பாதி மஞ்சளுமாகத் தொங்கும். இளஞ்சிவப்புப் பகுதி காய்க்காத மலட்டுப் பூக்களால் ஆனது. காய் பிடிப்பது மஞ்சள் பகுதியே. வேலிகளில் சங்குப்பூவும் முசுமுசுக்கையும் ஏறியிருக்கும். தண்ணீர்விட்டான் கொடியின் பொடிப் பொடியான வெள்ளைப் பூக்களைக் கண் காண்பதற்கு முன் மூக்கு அறிந்துவிடும்.

பாறையில் மண்ணே இல்லாதது போலத் தோன்றும். ஆனால் பாறைக் குழிகளிலும் வெடிப்புகளிலும் காற்றும் மழையும் சேர்த்துவைத்த ஓரங்குல மண் போதும், புல்லும் பூவும் எழும். மகாராட்டிரத்தில் சாத்தாரா அருகே உள்ள காஸ் மேட்டுநிலம் இத்தகைய மெல்லிய மண்ணின் பூக்களுக்குப் பெயர் பெற்றது. அங்கே தென்மேற்குப் பருவமழையில், ஆகஸ்ட், செப்டம்பரில் பூக்காலம். கூட்டம் மிகுந்ததால் நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று வரையறை வைக்க வேண்டியதாயிற்று. சமணர் மலையில் அந்த அளவுக்குப் பூக்கம்பளம் விரியாது. பார்க்க வரும் கூட்டமும் கிடையாது. அங்கு வருபவர்களில் பெரும்பாலோர் அடிவாரத்து அய்யனார் கோயிலையும் தாமரைக் குளத்தையும், மேலே செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் ஆகிய இடங்களில் உள்ள சமணச் சிற்பங்களையும் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். சிற்பத்துக்கு ஏறும் வழியிலேயே பாறை இடுக்கில் கள்ளிமுளையான் இருக்கலாம். இலையற்ற, நான்கு பட்டையுள்ள தண்டு. நுனியில் கருஞ்சிவப்புப் பூ. தேனீயை அல்ல, ஈயை அழைக்கும் பூ என்பதால் அதன் மணம் மனிதருக்கு உவப்பானதன்று. ஆடு மேய்ப்பவர்கள் தண்டைப் பச்சையாகத் தின்பதுண்டு. வீடுகளில் துவையலும் அரைப்பர்.

ஆவாரை

இந்தச் சமவெளிக்கு ஒரே ஒரு பூவைச் சின்னமாகச் சொல்ல வேண்டுமென்றால் ஆவாரையைத்தான் சொல்ல வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி பூவோடு இருக்கும் புதர் இது. மழைக்குப் பின், தைப்பொங்கலை ஒட்டி, சாலையோரங்கள் மஞ்சளாகும் அளவுக்குப் பூக்கும். பொங்கலுக்கு முந்தைய நாள் வேப்பிலை, கண்ணுப்பீளை என்று மதுரைப் பக்கம் அழைக்கப்படும் சிறுபூளை, ஆவாரம்பூ ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி வீட்டு வாசலிலும் வயலிலும் காப்புக் கட்டுவது வழக்கம். அந்தக் கட்டில் விதைத்து வளர்த்த பயிர் எதுவும் இல்லை. எல்லாம் அந்தந்த ஊர்த் தரிசில் அந்தப் பருவத்தில் தானாகக் கிடைப்பவை. சிறுபூளையின் வெள்ளைக் கதிர் மழைக்குப் பின்னரே மிகுந்து காணப்படும் என்பதைப் பார்த்தால், காப்புக் கட்டு ஒரு பருவக் குறிப்பேடு போலவும் தோன்றுகிறது. இப்போது நகரங்களில் அந்தக் கட்டு தெருவோரம் விலைக்குக் கிடைக்கிறது.

ஆவாரையை அடையாளம் காண இலைக்காம்பின் அடியைப் பார்க்க வேண்டும். அங்கே காது மடல் போன்ற அகன்ற இலையடிச் செதில் இருக்கும். செடியின் இலத்தீன் பெயரில் வரும் ஆரிக்குலாட்டா என்ற சொல் அந்தக் காதைத்தான் குறிக்கிறது. மற்ற மஞ்சள் பூச்செடிகளுடன் குழப்பிக்கொள்பவர்கள் பூவையே பார்ப்பதால் குழம்புகின்றனர்.

இந்தப் பூவில் தேன் இல்லை. வண்டுக்கு அது தருவது மகரந்தத்தை மட்டுமே, அதையும் எளிதில் தருவதில்லை. மகரந்தப்பை நீளவாக்கில் பிளப்பதற்குப் பதில் நுனியில் சிறு துளையாகத் திறக்கிறது. தச்சு வண்டு என்னும் பெரிய கரிய தேனீ பூவைக் கவ்விக்கொண்டு, பறக்கும் தசைகளை அதிரவைக்கிறது. அந்த அதிர்வில்தான் உப்புக் குப்பியைக் குலுக்கியது போல மகரந்தம் துளை வழியே கொட்டுகிறது. ஆவாரம் புதருக்கு அருகில் காலையில் நின்றால் வண்டின் ரீங்காரம் பறக்கும்போது ஒரு சுதியிலும் பூவில் அமர்ந்ததும் வேறொரு சுதியிலும் கேட்கும்.

செங்காந்தள்

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளைத் தேடுபவர் ஐப்பசி, கார்த்திகையில் வேலிப்புதர்களையும் மலையடிவாரங்களையும் பார்க்க வேண்டும். மண்ணுக்கடியில் கலப்பை போல வளைந்த கிழங்கு கோடை முழுதும் உறங்கி, மழை கண்டதும் கொடியாக எழுகிறது. கொடிக்குத் தனியே பற்றுச்சுருள் இல்லை. இலையின் நுனியே சுருண்டு புதரைப் பற்றிக்கொள்கிறது. இலைநுனியை வைத்தே பூக்காத கொடியையும் அடையாளம் காணலாம். மொட்டு தலைகீழாகத் தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கி, நெளிந்த ஓரத்துடன் தீக்கொழுந்து போல நிற்கும். முதலில் பசுமை கலந்த மஞ்சள், பின்பு செம்மஞ்சள், இறுதியில் முழுச்சிவப்பு என நிறம் நாளுக்கு நாள் மாறுவதால், ஒரே கொடியில் மூன்று வகைப் பூக்கள் இருப்பது போலத் தோன்றும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களின் நீண்ட பட்டியல் காந்தளில்தான் தொடங்குகிறது. தும்பையும் ஆவிரையும் அதே பட்டியலில் உள்ளன.

செடி முழுதும், குறிப்பாகக் கிழங்கும் விதையும், கால்ச்சிசின் என்ற நச்சுப்பொருள் உடையவை. கீல்வாத மருந்துக்குப் பயன்படும் இதே பொருளுக்காகத் திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்களில் செங்காந்தள் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் பயிரிடப்படுகிறது; விதைகள் ஏற்றுமதியாகின்றன. சிறிதளவு உட்கொண்டாலும் உயிருக்கு ஆபத்து. பூத்தேடலில் குழந்தைகள் உடன் இருந்தால் தொடங்கும் முன்பே சொல்லிவைக்க வேண்டிய செடி இது. கிழங்கைத் தோண்டி வீட்டுத் தொட்டிக்குக் கொண்டு வருபவர்கள் அந்தப் புதரிலிருந்து அடுத்த ஆண்டுப் பூவையும் சேர்த்தே எடுத்து வருகின்றனர்.

வேனிற்காலம்

கோடை நடைக்குப் பட்டியல் சுருக்கமானது. பாறை மலைகளில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மாசி, பங்குனியில் பெரிய மஞ்சள் பூக்களுடன் நிற்கும் கோங்கு, பிறகு சரக்கொன்றை, வெட்பாலையின் வெள்ளைப் பூ, புங்கு, வேம்பு, வாகை. தரையில் இதற்கு ஒரே விதிவிலக்கு போல வருவது நரிவெங்காயம். இலை ஒன்றுகூட இல்லாத வெற்று மண்ணிலிருந்து ஒற்றைக் காம்பு எழுந்து பூக்கும். இலைகள் மழைக்குப் பிறகு வரும்.

வந்தேறிகள்

நடையில் முதலில் கண்ணில் படும் பூ உள்ளூர்ப் பூவாக இருக்கும் என்பதில்லை. வெட்டுக்காயப் பூண்டு என்றும் கிணற்றடிப் பூண்டு என்றும் தமிழ்ப்பெயர்கள் பெற்று, சிராய்ப்புக்கு மருந்தாகவும் ஆகிவிட்ட சிறுசெடி நடு அமெரிக்காவிலிருந்து வந்தது. அதனால் பெரிய தீங்கு இல்லை. உன்னிச்செடியும் பார்த்தீனியமும் அப்படியல்ல. அவை அடர்ந்த இடத்தில் தும்பையும் விஷ்ணுகிரந்தியும் நிற்க முடியாது. எல்லாவற்றிலும் பெரிய இடத்தைப் பிடித்தது 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலம். கண்மாய் உள்வாய்களும் மேய்ச்சல் தரைகளும் அதன் கீழ் மறைந்துவிட்டன. நாட்டு உடைமரமும் வேலமரமும் போலத் தோன்றினாலும், அடர்ந்த சீமைக்கருவேல நிழலில் தரைப்பூக்கள் அரிதாகவே காணப்படும்.

மரம் நடும் ஆர்வமும் சில இடங்களில் இதே விளைவைத் தருகிறது. மரமில்லாத புல்சரிவு கெட்டுப்போன காடு அன்று. அதுவே ஒரு தனி வாழிடம். அங்கே குழி தோண்டி வரிசையாகக் கன்று நட்டு நிழல் உண்டாக்கினால், வெயில் வேண்டும் செடிகள் முதலில் போகும். நல்லெண்ணத்தால் நேரும் இழப்பு என்பதால் இதைக் கணக்கில் எடுப்பவர் குறைவு.

தரிசு என்னும் பெயர்

வருவாய்த்துறைப் பதிவேட்டில் இத்தகைய நிலங்களுக்குத் தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, மேய்ச்சல் புறம்போக்கு, கல்லாங்குத்து போன்ற பெயர்கள் உள்ளன. வரி விதிக்க முடிந்ததா இல்லையா என்பதே இந்தப் பகுப்பின் அடிப்படை; அங்கே என்ன வாழ்கிறது என்பதன்று. நடுவண் அரசின் நில வளத்துறையும் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து வெளியிடும் தரிசு நில வரைபட நூலிலும் புதர் நிலமும் வெற்றுப் பாறையும் தரிசின் வகைகளாகவே இடம்பெறுகின்றன. பயனற்ற நிலம் என்று பெயர் விழுந்த பின், அதை வேறு பயனுக்கு மாற்றுவது எளிதாகிறது.

மதுரை மாவட்டம் இதற்கு அண்மைய சான்றுகளை உடையது. மேலூர்ப் பகுதியின் கிரானைட் குவாரி முறைகேடுகளை ஆராய 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் உ. சகாயத்தைச் சட்ட ஆணையராக நியமித்தது. அதே வட்டத்தில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களின் 193.215 ஹெக்டேர் நிலத்தை 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. ஏழு குன்றுகள், பல சுனைகள், ஏறத்தாழ 250 வகைப் பறவைகள், தேவாங்கு, அழுங்கு ஆகியவை அந்த அறிவிப்பின்போது எடுத்துக்காட்டப்பட்டன. பறவைகளுக்குக் கிடைத்த கவனம் அங்குள்ள சிறுபூக்களுக்குக் கிடைக்கவில்லை என்பது வேறு கதை.

2024 நவம்பரில் இந்தத் தலத்தையும் உள்ளடக்கி, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் ஏறத்தாழ 2,015 ஹெக்டேர் பரப்புக்கான ஏல முடிவை நடுவண் அரசு அறிவித்தது. சுற்றுவட்ட ஊர்மக்கள் எதிர்த்துப் போராடினர். டிசம்பரில் சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரி 23 அன்று ஏலம் இரத்து செய்யப்பட்டது. அரிட்டாபட்டிக்கு ஏற்கெனவே ஒரு சட்டப் பெயர் இருந்தது அந்தப் போராட்டத்தில் பெரிதும் துணைநின்றது. நாகமலை அடிவாரத்து மேய்ச்சல் தரைகளுக்கு அத்தகைய பெயர் எதுவும் இல்லை.

இங்கே பூக்காலம் ஒரு நடைமுறைச் சிக்கலாகிறது. சுரங்கம் உள்ளிட்ட பல திட்டங்களின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கு மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தின் அடிப்படைத் தரவு போதும். மார்ச் முதல் மே வரையிலான கோடையையும் அதற்குத் தேர்ந்தெடுக்கலாம். கோடையில் மதுரைப் பாறைச் சரிவை அளப்பவர் அங்கே புல்லும் முள்ளும் மட்டுமே உள்ளன என்று எழுதினால் அது பொய்யன்று. ஓரிதழ்தாமரையும் நிலப்பனையும் காந்தளும் அப்போது மண்ணுக்குள் விதையாகவும் கிழங்காகவும் இருக்கின்றன.

தேடும் முறையும் பதிவும்

நல்ல மழைக்குப் பின் இரண்டு மூன்று வாரம் கழித்துச் செல்வது பொருத்தம். காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்து மணி வரை நடந்தால் விஷ்ணுகிரந்தி சுருங்குவதற்கு முன்பும் சிறுபசலை திறந்த பின்பும் என்று இரண்டையும் பார்க்கலாம். ஒரே வழியில் மாதம் ஒரு முறை நடப்பவர், பல மலைகளுக்கு ஒவ்வொரு முறை சென்றவரை விட மிகுதியாகக் காண்பார். பட்டாம்பூச்சிகளும் வழிகாட்டும், எருக்கைச் சுற்றும் வெந்தய வரியனைத் தொடர்ந்து போனால் அருகில் தேன் தரும் வேறு பூக்களும் இருக்கும். ஊசிப்புல் துணியில் ஏறாமலிருக்க இறுக்கமான நெசவுள்ள கால்சட்டை நல்லது. ஈரப் பாறை வழுக்கும். புதரில் கை வைக்கும் முன் பாம்புக்காக ஒரு குச்சியால் தட்டிப் பார்ப்பது ஆட்டுக்காரர்களின் பழக்கம், அதைப் பின்பற்றலாம். காப்புக்காட்டு எல்லைக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி தேவை. ஆட்டுக்காரர்களிடம் கேட்டால் எந்தச் சரிவில் எது பூத்திருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும், பெயர் மட்டும் ஊருக்கு ஊர் மாறும்.

படம் எடுப்பவர்கள் பூவை மட்டும் எடுத்துத் திரும்புவதால் பின்னர் பெயரிட முடியாமல் திண்டாடுகின்றனர். இலையின் இரு பக்கமும், தண்டில் இலை சேரும் இடமும், காய் இருந்தால் காயும், அளவுக்கு அருகில் வைத்த ஒரு நாணயமும் தேவை. செடியைப் பிடுங்க வேண்டியதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த, காம்பிள் தொடங்கிப் பிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் உள்ளது. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியின் இராப்பினாட் தாவர உலர்தொகுப்பகத்தில் பணியாற்றிய கே. எம். மேத்யூ 1980களில் வெளியிட்ட தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதித் தாவர நூல் இச்சமவெளிக்கு இன்னும் நெருக்கமானது. இரண்டும் ஆங்கில நூல்கள், படித்துப் பழகச் சில மாதம் பிடிக்கும்.

உயிரியல் பன்மைச் சட்டம், 2002 ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கவும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு உருவாக்கவும் வழி செய்கிறது. செடியின் உள்ளூர்ப் பெயர், கண்ட இடம், பருவம், பயன்பாடு ஆகியவை அதில் இடம்பெறும். ஒரு நடையில் கண்ட பூவைத் தேதியுடன் குறித்துவைத்தால், அந்தக் குறிப்பை ஊராட்சியின் குழுவிடம் கொடுக்கலாம். பதிவேட்டின் பருவப் பத்தியில் கார்த்திகை என்று எழுதப்பட்டிருந்தால், சித்திரையில் வந்து அந்த இடத்தை வெற்றுநிலம் என்று எழுதுபவரிடம் காட்டுவதற்கு ஊரார் கையில் ஒரு தாள் இருக்கும்.